வியாழக்கிழமை யாருடையது

இத்தாலியில், சிசிலியின் பலேர்மோ நகரத்தில், எங்கள் கல்யாண வாழ்க்கை வியாழக்கிழமைகளில் மட்டும் நடந்தது. மிச்ச நாட்களில் நான் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் இருந்தேன். என் கணவர் ஒரு கிழட்டு வக்கீலின் வீட்டில் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பஸ் ஓட்டம்தான் தூரம். ஆனால் இரண்டு பேரும் வீட்டோடு தங்கி வேலை பார்த்தவர்கள். அங்கே அதற்கு ‘ஃபிஸ்ஸோ’ என்று பெயர். ஃபிஸ்ஸோ ஆட்களுக்குக் கிழமையில் கிடைக்கிற ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும். யார் இந்த வியாழனைக் கண்டுபிடித்தார்களோ தெரியாது, நகரம் முழுக்க அதே வியாழன்தான். மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவோம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றி அன்றைக்கு எங்கள் முகங்களாகவே இருக்கும்.

ஞாயிறும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிறு எங்களுடையது இல்லை, கோயிலுடையது. காலையில் பூசை, பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு, பிறகு யாராவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் அல்லது ஊரில் செத்துப்போன யாருக்காவது செபம், அதற்குப் பிறகு உதைபந்து. நூறு பேருக்கு நடுவில் புருசனும் பெண்சாதியும் ஆளை ஆள் பார்த்துத் தலையாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதனால் வியாழன். என் மச்சாளும் அவள் புருசனும் ஒரேத்தோப் பகுதியில் ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்கள் வீட்டோடு தங்காத மணித்தியால வேலைக்காரர், வியாழக்கிழமைகளில் பொழுதுபடும்வரைக்கும் வரமாட்டார்கள். கதவுத் திறப்பைக் கீழே பாண் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாண் கடைக்காரி அந்தத் திறப்பை என் கையில் வைக்கும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவளிடம் நான் ஒருநாளும் பாண் வாங்கியதில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு முப்பத்தைந்து வயது நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு அந்த டாக்டர் பெண் சொன்னாள், இரண்டு பேரிலும் ஒரு குறையும் இல்லை, ஒன்றாக இருங்கள், வரும் என்று. ஒன்றாக இருப்பதற்கு யாரிடம் போய்க் கேட்பது என்று அவள் சொல்லவில்லை. ஃபிஸ்ஸோ வேலையை விட்டால் கையெழுத்துப் போட முதலாளி இல்லை. முதலாளியின் கையெழுத்து இல்லாமல் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் போய் நின்றால் இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பித்துத் தரமாட்டார்கள். வக்கீல் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடினால் அவர் பிள்ளைகளில் யாராவது கையெழுத்துப் போட, என் கணவர் மணித்தியால வேலைக்கு மாறலாம், ஒரு அறை எடுக்கலாம் என்பதுதான் எங்கள் திட்டம். ஒரு மனிசன் சாவதற்காகக் காத்திருந்தோம் என்று எழுத இப்போது கூசுகிறது. அவரோ காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டு, சவரம் செய்த கன்னத்தில் வாசனைத் தண்ணீர் தட்டிக்கொண்டு, பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

இனிப் பந்துக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்குப் பந்து என்றால் பைத்தியம். மன்னார் ஆட்களும் யாழ்ப்பாணத்துத் தீவு ஆட்களும் பூசையில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நிற்பார்கள், மைதானத்தில் இறங்கினால் உறவும் இல்லை ஊரும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆறு அணிகள் இருந்தன: மன்னாரில் இருந்து இரண்டு, தீவுகளில் இருந்து இரண்டு, யாழ்ப்பாணக் கரையோரத்தில் இருந்து இரண்டு. என் கணவர் தீவு அணிகளில் ஒன்றில் பின்வரிசையில் விளையாடினார். அதைவிட முக்கியமாக, போட்டி அட்டவணை எழுதுகிறவர் அவர்தான்.

எழுதுகிறவர் அவர் என்றாலும் அட்டவணை பிறக்கிற இடம் மச்சாளின் குசினி மேசை. ஆறு கோப்பிக் கோப்பைகளை எடுத்து இரண்டு வரிசையாக எதிரெதிரே வைப்போம். ஒவ்வொரு கோப்பையும் ஒரு அணி. எதிரெதிரே இருப்பவை அந்த ஞாயிறு மோதுகிற அணிகள். மூலையில் இருக்கிற ஒரு கோப்பையை அசைக்காமல், மற்ற ஐந்தையும் ஒவ்வொரு இடம் சுற்றி நகர்த்தினால் அடுத்த ஞாயிறு கிடைக்கும். இன்னும் நகர்த்தினால் அதற்கடுத்தது. எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோதி முடிய ஐந்து ஞாயிறு, இரண்டு சுற்று என்றால் பத்து. நான் நகர்த்துவேன், அவர் பென்சிலால் எழுதுவார். காது உடைந்த கோப்பை எப்போதும் மன்னார்க்காரருக்குத்தான். அவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். அந்த மேசையில் நாங்கள் சந்தோசமாக இருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு வருகிற கதையில் சந்தோசம் குறைவு.

பத்து ஞாயிறு என்பது எங்கள் வருடத்துக்கு அளவான கணக்கு. கோடையில் பந்து கிடையாது. வீட்டுக்காரர் கடற்கரை வீட்டுக்கும் மலை வீட்டுக்கும் போகும்போது எங்களையும் மூட்டை முடிச்சோடு கொண்டுபோய்விடுவார்கள். என் சிஞ்ஞோரா ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போவாள். கடல் வாசலிலேயே இருக்கும், நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பேன். செப்டம்பரில்தான் எல்லோரும் திரும்புவோம், ஒக்டோபரில் பந்து தொடங்கும். டிசம்பரில் நத்தாருக்கு விருந்தாளிகள் வருவதால் ஒருவருக்கும் லீவு இல்லை. தவக்காலத்தில் விளையாடக்கூடாது என்று ஃபாதர் சொல்லியிருந்தார். இவற்றையெல்லாம் கழித்தால் பன்னிரண்டு, பதின்மூன்று ஞாயிறு மிஞ்சும். மைதானமும் ஒன்றுதான், ஒரேத்தோப் பக்கம் ஒரு இத்தாலியக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மண் மைதானம். ஞாயிறு பின்னேரம் மட்டும் எங்களுக்கு. இருட்டுவதற்குள் மூன்று ஆட்டம் ஓட்டலாம்.

பிறகு ஆட்கள் பெருகினார்கள். ஊரில் சண்டை கூடக்கூட இங்கே முகங்கள் கூடின. மன்னார் அணி இரண்டாக உடைந்தது. ஒருவனின் சித்தப்பன் மகனை ஆடவிடாமல் ஓரத்தில் உட்காரவைத்தார்கள் என்பது காரணம். தீவுக்காரரும் சும்மா இருப்பார்களா, அவர்களும் உடைந்தார்கள். கரையோரத்தில் இருந்து இன்னும் ஒன்று வந்தது. கடைசியாக மொரீஷியஸ்காரர் மூன்று அணியோடு வந்து தங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர்கள் எங்களைப் போலத் தமிழ்ப் பெயர் வைத்திருந்தார்கள். முருகன் பாட்டைப் பிழையில்லாமல் பாடுவார்கள். ஆனால் தண்ணீர் வேண்டுமா என்று தமிழில் கேட்டால் முழிப்பார்கள். அவர்களோடு நாங்கள் இத்தாலியனில்தான் கதைப்போம். இப்படியாக ஆறு பன்னிரண்டு ஆனது.

அந்தச் செப்டம்பர் வியாழன் மச்சாளின் வீட்டில் அவ்வளவு கோப்பை இல்லாமல் முட்டைக் கிண்ணங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கினோம். எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோதினாலே அறுபத்தாறு ஆட்டம். ஞாயிறுக்கு மூன்று என்றால் அடுத்த கோடையும் போய்விடும். இரண்டு பிரிவாக உடைத்தே ஆகவேண்டும். மேசையில் ஆறு ஆறாகப் பிரித்து நகர்த்திப் பார்த்தேன். தன் பிரிவுக்குள் ஒரு சுற்று என்றால் முப்பது ஆட்டம், பத்து ஞாயிறு. அடுத்த பிரிவில் இருந்து ஒவ்வொரு அணிக்கும் ஒரே ஒரு நிரந்தர எதிராளி, வருடா வருடம் அதே எதிராளி; அதற்கு இரண்டு ஞாயிறு. பன்னிரண்டில் முடிந்துவிடும். இறுதி ஆட்டத்துக்குக் கடைசி ஞாயிறு. மன்னார்-தீவு ஆட்டமும் தப்பும், தவக்காலமும் தப்பும். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“உமக்கு நல்ல மூளை இருக்கு” என்றார்.

அன்றைக்கு எங்களுக்கு நேரம் மிஞ்சியது. திறப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பாண் கடைக்காரியின் சிரிப்புக்கூட எனக்குக் கோபம் தரவில்லை.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் கதிரைகளில், பெண்கள் பின்னால் ரோல்ஸ் பொரித்துக்கொண்டும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டும். எப்படிப் பிரிப்பது என்பதில் முதலில் அடிபட்டார்கள். ஊர்வாரியாகப் பிரிப்போம் என்றார் ஒருவர். அப்படியென்றால் மன்னாரும் தீவும் சந்திக்கவே மாட்டார்களே, பிறகு யார் பார்க்க வருவது என்று இன்னொருவர். பலத்தின்படி மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று வைப்போம் என்றதும் சத்தம் கூடிவிட்டது. கீழ்ப்பிரிவில் இருக்க ஒரு சீவனும் சம்மதிக்கவில்லை. மொரீஷியஸ் அணித் தலைவர் எழுந்து, எங்களை எங்கே போட்டாலும் பரவாயில்லை, காவடி விரத நாட்களில் மட்டும் வைக்காதீர்கள் என்றார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் பண்போடு கதைத்தவர் அவர் ஒருவர்தான்.

என் கணவர் எழுந்து எங்கள் கோப்பைக் கணக்கை விளக்கினார். எல்லோரும் கேட்டார்கள். ஒரு சுற்றுத்தான் என்ற இடத்தில்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சுற்றா? ஒருமுறை தோற்றால் திருப்பி அடிக்க அடுத்த வருடம்வரைக்கும் இருப்பதா? ஒரு வருடம் முழுக்கப் பூசைக்கு எந்த முகத்தோடு வருவது? இரண்டு சுற்று வேண்டும். அது மானப் பிரச்சினை. அறுபது ஆட்டத்துக்கு ஞாயிறு காணாது என்று என் கணவர் சொன்னார். அப்போதுதான் பந்துச் சங்கத்தின் தலைவர், மன்னார்ப் பக்கத்து மனிசர், தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு அந்த யோசனையைச் சொன்னார். மைதானம் வியாழன் பின்னேரமும் சும்மாதானே கிடக்கிறது. ஃபிஸ்ஸோ ஆட்கள் கூடுதலாக உள்ள ஆறு அணிகளையும் ஒரு பிரிவாக்கி வியாழனில் விடுவோம். மணித்தியால வேலைக்காரர் கூடிய ஆறு அணிகளும் ஞாயிறு. இரண்டு பிரிவும் இரண்டு சுற்று, இருவருக்கும் பத்துப் பத்துக் கிழமை. பிரச்சினை முடிந்தது.

மண்டபம் கைதட்டியது. ஊரையும் பார்க்கவில்லை, பலத்தையும் பார்க்கவில்லை. சிஞ்ஞோராக்கள் எங்களுக்கு எந்த நாள் கதவைத் திறந்துவிடுகிறார்களோ அந்த நாளின்படி எங்களைப் பிரித்துக்கொண்டோம். உலகத்தில் வேறு எந்தச் சனமும் இப்படி ஒரு சுற்றுப்போட்டியைப் பிரித்திருக்காது. என் கணவரின் அணியில் பாதிக்கு மேல் ஃபிஸ்ஸோ. மன்னாரின் பெரிய அணியும் அப்படியே. ஆக மன்னார்-தீவு ஆட்டமும் வியாழனில் விழுந்தது, அதுவும் இரண்டு தரம். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

நான் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு முன்னுக்குப் போனேன். அந்த மண்டபத்தில் பெண்கள் எழுந்து கதைக்கிற வழக்கம் இல்லை. உள்ளே இருந்த காரணத்தைச் சொல்ல முடியாதே, அதனால் கணக்கைச் சொன்னேன். வியாழனில் மழை பெய்தால் அந்த ஆட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்றேன். ஞாயிறு பிரிவு தனியாக, வியாழன் பிரிவு தனியாக என்றால் எது பெரிய அணி என்று எப்படித் தெரியும் என்றேன். ஒரு அணிக்குள்ளேயே ஃபிஸ்ஸோ இல்லாத நாலு பேர் வியாழன் வேலையை விட்டுவிட்டு வருவார்களா என்றேன். எல்லாம் சரியான கேள்விகள். தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“அதெல்லாம் இருக்கட்டும். தங்கச்சிக்கு வியாழக்கிழமை என்ன அலுவல்?”

மண்டபம் சிரித்தது. பின்னால் இருந்த பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லாததும், என் மச்சாளின் அறையும் திறப்பும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஃபாதர் கூரையைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தாளில் எழுதத் தொடங்கினார். அவர் எழுதியது வியாழன் என்ற சொல் என்பது எனக்குத் தலைகீழாகவே தெரிந்தது.

பஸ் தரிப்பிடம்வரைக்கும் ஒன்றாக நடந்தோம். பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் கேட்டேன்.

“நீங்கள் ஏன் ஒண்டும் கதைக்கேல்லை?”

“எல்லாரும் சிரிக்கேக்கை நான் எழும்பி என்னத்தைச் சொல்லுறது?” என்றார். பிறகு, “ஒரு வருசம்தானே. அடுத்த முறை மாத்திப்போடலாம்” என்றார்.

ஒரு வருடம் என்பது அவருக்கு ஒரு வருடம். எனக்கு அது முப்பத்தாறு. இதை நான் அவரிடம் சொல்லவில்லை, பஸ் வந்துவிட்டது.

ஒக்டோபரில் தொடங்கினார்கள். முதல் சில வியாழன்கள் நான் திறப்பை வாங்கிக்கொண்டு போய் அறையில் காத்திருந்தேன். மூன்று ஆட்டமும் முடியும்வரைக்கும் அவரால் வரமுடியாது. தன் அணி விளையாடாத நேரத்தில் அவர்தான் விசில் ஊதவேண்டும். முழங்காலில் மண்ணோடு அவர் வந்து சேரும்போது மச்சாள் வருகிற நேரமாகியிருக்கும். கட்டில் ஓரத்தில் இருந்து சப்பாத்துக் கயிறை அவிழ்த்தபடியே தூங்கிவிடுவார். நான் எழுப்பி, முகம் கழுவச் சொல்லி, வக்கீலின் இராச் சாப்பாட்டு நேரத்துக்கு அனுப்பிவைப்பேன். பிறகு திறப்பு வாங்குவதை விட்டுவிட்டேன். மைதானத்துக்கே போனேன். ஒரு சிமெந்து மதில் இருந்தது, அதில் போய் உட்காருவேன். பெண்கள் நினைத்தார்கள் எனக்கும் பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று.

வெளிப்படையாகவே சொல்கிறேன், நான் மழைக்கு மன்றாடினேன். புதன் இரவில் சிஞ்ஞோராவின் உடுப்புகளை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டே மாதாவிடம் கேட்பேன், நாளைக்கு ஊத்தட்டும் என்று. சிசிலி மழை கள்ள மழை. திங்கள் கொட்டும், செவ்வாய் கொட்டும், வியாழன் மத்தியானம் வெயில் எறித்து மண் காய்ந்துவிடும். மழையால் ஆட்டம் நின்ற ஒரு வியாழனில் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், நின்ற ஆட்டங்களை எங்கே செருகுவது என்று கதைக்க. நான் மண்டபத்தில் கேட்ட அதே கேள்விதான். பதில் தேட அவர்களுக்கு என் பின்னேரம் தேவைப்பட்டது.

நத்தாருக்கு முன் ஒரு வியாழன் மட்டும் மழை சரியான நேரத்தில் பிடித்து விடாமல் பெய்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பாண் கடையில் திறப்பு வாங்கினோம். அன்றைக்கு நாங்கள் கோப்பை எதையும் மேசையில் வைக்கவில்லை.

ஜனவரியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. முன்பும் இரண்டொரு முறை தள்ளிப்போயிருக்கிறது, அதனால் அடக்கமாகவே இருந்தேன். ஆனாலும் பாரம் தூக்குவதை நிறுத்தினேன். சிஞ்ஞோராவின் கம்பளங்களை உதறுவதற்கு முதுகு வலி என்று பொய் சொன்னேன். என் கணவரிடம் இன்னும் கொஞ்சம் போகட்டும், நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்வோம் என்று வைத்திருந்தேன். மதிலில் உட்கார்ந்து அவர் ஓடுவதைப் பார்த்து எனக்குள்ளே சிரித்துக்கொண்ட வியாழன்கள் இருக்கின்றன. அந்த வியாழன்களில் எனக்குச் சுற்றுப்போட்டியில் கோபமே இல்லை. நடக்கட்டும், இன்னும் பத்து அணி வரட்டும் என்று இருந்தது.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சிஞ்ஞோராவின் குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் போய்விட்டது. நான் அழுதேன், பிறகு அந்தத் தரையை நானே திரும்பத் துடைத்தேன். வக்கீல் வீட்டுத் தொலைபேசிக்கு அவர் மகள் பூட்டுப் போட்டிருந்தாள். நான் இருந்த வீட்டுத் தொலைபேசி சிஞ்ஞோராவின் கட்டிலுக்குப் பக்கத்தில். ஆகவே வியாழன்வரைக்கும் அதை நான் ஒருத்தியாகவே சுமந்தேன்.

வியாழன் அன்று மன்னார்-தீவு இரண்டாம் சுற்று ஆட்டம். பார்க்க வந்தவர்கள் மதில் ஓரம் முழுக்க நின்றார்கள். முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டு அவர் தண்ணீர் குடிக்க என்னிடம் வந்தார். விசில் கழுத்தில் தொங்கியது. நான் மெல்லச் சொன்னேன்.

“ஒண்டு வந்தது. நிக்கேல்லை.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் போத்தல் மூடியைத் திருகித் திருகிப் பூட்டினார். ஏன் முதலே சொல்லவில்லை என்றார். எப்போது சொல்வது, எந்த வியாழன் சொல்வது என்றேன். அதற்குள் மைதானத்தில் இருந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், உடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கச் சொல்லி. அவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். நான் போங்கோ என்று சொன்னேன். அவர் போனார். போயிருக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. ஆனால் போகச் சொன்னவளும் நான்தான். நூறு பேருக்கு முன்னால் வேறு என்ன செய்வோம்.

அன்றைக்கு அவர் கால் போன இடத்துக்குப் பந்து வரவில்லை. தீவு அணி படுதோல்வி. அவர் மன்னாரிடம் விலைபோய்விட்டார் என்றுகூட ஒருவன் சொன்னான். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் வியாழனைக் கைவிட்டார்கள். எங்களுக்காக இல்லை. வியாழன் பிரிவில் பாதிப்பேர் வடக்கே தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். மொரீஷியஸ்காரரிலும் இரண்டு அணி கலைந்தது. மிஞ்சிய அணிகளை இரண்டு பிரிவாக்கி, பிரிவுக்குள் ஒரு சுற்றும், எதிர்ப்பிரிவில் ஒரு நிரந்தர எதிராளியும் என்று தலைவரே தன்னுடைய யோசனை மாதிரி எழுந்து சொன்னார். நான் பின்னால் நின்று ரோல்ஸ் பொரித்தேன். வியாழன் எங்களிடம் திரும்பி வந்தது. திறப்பும் பாண் கடைக்காரியும் அதே சிரிப்பும் திரும்பி வந்தன. பிள்ளை வரவில்லை. நேர்த்தி வைத்து, நகரத்துக்கு மேலே இருக்கிற யாத்திரைக் கோயில் மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன், ஆஸ்பத்திரிக்கும் போனேன். அந்த டாக்டர் பெண் இந்த முறை ஒன்றாக இருங்கள் என்று சொல்லவில்லை, வயதைக் கேட்டுவிட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள்.

வக்கீல் ஒருவழியாகச் செத்தார். என் கணவர் அவருடைய பிள்ளைகளைவிடக் கூட அழுதார். பிறகு நாங்கள் திட்டம் போட்டபடியே எல்லாம் நடந்தது. அவர் மணித்தியால வேலைக்கு மாறினார், நானும் மாறினேன், ஒரேத்தோவில் இரண்டு அறையும் குசினியும் உள்ள வீடு எடுத்தோம். இரண்டாவது அறையில் மினுக்குகிற மேசையை வைத்தோம். கிழமையில் ஏழு நாளும் எங்களுடையது. அதை வைத்து என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகள் முடிகிற நேரம் மண்டபத்தில் இன்னொரு கூட்டம் நடந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் பலேர்மோ இத்தாலியன். அவர்களுக்கென்று சின்னச் சுற்றுப்போட்டி ஒன்று வேண்டும் என்று தாய்மார் கேட்டார்கள். எட்டு அணி சேர்ந்துவிட்டது. ஊரும் தீவும் பார்க்காமல் பள்ளிக்கூடத்தின்படி இரண்டு பிரிவாக்கலாம் என்பதில் ஒருவருக்கும் சண்டை இல்லை. ஞாயிறு பெரியவர்களுக்கே காணாது. வியாழன் பள்ளி விட்டதும் வைத்தால் நல்லது, மைதானமும் சும்மா கிடக்கிறது என்று ஒரு தாய் சொன்னாள்.

என் கணவர் எழுந்தார். அட்டவணை எழுதுகிறவர் என்ற முறையில் அவரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

“வியாழக்கிழமை ஏலாது” என்றார்.

ஏன் என்று கேட்டார்கள். ஏலாது என்று திரும்பவும் சொன்னார். குரல் தடித்திருந்தது. பழைய தலைவர் முன்வரிசையில் நரைத்துப்போய் இருந்தார், குனிந்து தன் கைகளைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை வருடத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தில் நான் எதிர்பார்த்து நின்ற சொல் அது. இப்போது வந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தையும் பாசத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மனிசா, இவ்வளவு பிந்தியா என்று கத்தவேண்டும் போல இருந்தது.

நான் தட்டை வைத்துவிட்டு முன்னுக்குப் போனேன்.

“இனி அந்த நாள் எங்களுக்கு என்னத்துக்கு” என்று அவரிடம் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “வியாழக்கிழமை பிள்ளையள் விளையாடட்டும்.”

அன்று பின்னேரம் எங்கள் சொந்த மேசையில் எட்டுக் கோப்பைகளை வைத்தோம். எல்லாம் ஒரே மாதிரிப் புதுக் கோப்பைகள், காது உடைந்தது ஒன்றும் இல்லை. நான் நகர்த்தினேன், அவர் எழுதினார்.

முதல் வியாழன் இரண்டு பேரும் போனோம். அதே சிமெந்து மதில். அவருக்கு இனி விசில் ஊத முழங்கால் விடாது, அதனால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் சிசிலிக்காரன் மாதிரிக் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். வியாழன் பின்னேரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம். மைதானத்துக் கதவைப் பூட்டுகிற கிழவர் புதிதாக வந்தவர். அவர் எங்களிடம் வந்து, மைதானத்தைக் காட்டி, இதில் உங்கள் பிள்ளை எது என்று கேட்டார்.

என் கணவர்தான் இத்தாலியனில் பதில் சொன்னார்.

“பிள்ளை எங்களுடையது இல்லை. அட்டவணை மட்டும்தான் எங்களுடையது.”

கிழவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று நாங்களும் சிரித்தோம்.